தகப்பன் தெரியாத பூசணி

அத்தியாயம் 6

வடையைச் சுற்றியிருந்த கடுதாசியில் தன் கையெழுத்தைக் கண்டதும் சிவாஜினிக்கு உச்சிவரை கோபம் ஏறியது.

காலை ஒன்பது மணி. திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, கப்பல் கயிறு விற்கிற கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. உதவியாளன் அகீல் நாலு உழுந்து வடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மூன்றைத் தானே தின்று முடித்திருந்தான். நாலாவதை அவள் எடுத்தபோதுதான் எண்ணெய் ஊறிய எழுத்துகள் கண்ணில் பட்டன. அவள் எழுதிய அறிக்கை. வாடிக்கையாளருக்கு மட்டும் என்று மூடிய உறையில் கொடுத்த அறிக்கை.

"இது எங்க கிடைச்சது?"

"தோப்பூர்ச் சந்தைக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடையில மிஸ். விடிய ஓட்டோவில ஒரு ஹயர் போனனான். ஆனந்தராசா முதலாளி நூறு பிரதி அடிச்சு சந்தை முழுக்கக் குடுத்திருக்கார். எல்லாரும் வாசிச்சு முடிஞ்சுது, இப்ப வடைக்குப் போகுது. உங்கட எழுத்து இதுக்கு முதல் ஒருத்தருக்கும் இவ்வளவு ருசிச்சதில்ல."

சிவாஜினி சிரிக்கவில்லை. பத்து நாளைக்கு முன் ஆனந்தராசா இதே மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் குந்தி, அழாத குறையாகக் கதை சொன்னது நினைவுக்கு வந்தது. பட்டினத்தில் பெரிய விதைக்கடை அவருடையது. பாலையூற்றில் வீடும் பின்னால் தோட்டமும். நாலு வருடமாக இரண்டு ஊர்ப் பூசணிகளைக் கலந்து, ஓராள் தூக்க ஏலாத காய் காய்க்கிற இனம் ஒன்றை உண்டாக்கினாராம். அதன் ஏழு விதைகள் கடை அலுமாரியில் இருந்து களவு போய்விட்டனவாம். இப்போது தோப்பூரில் சித்தி பரீதா என்கிற தோட்டக்காரியின் நிலத்தில் அதே பூசணி கிடக்கிறதாம். ஆதாரமாக இரண்டு தோட்டத்துப் படங்களையும், கலப்பு விபரம் எழுதிய கொப்பி ஒன்றையும் நீட்டினார்.

அவளும் படங்களைப் பார்த்தாள். கொப்பியின் அழகான எழுத்தைப் பார்த்தாள். 'இரண்டும் ஒரே விதை. ஆனந்தராசாவிடமிருந்து களவு போன விதையே சித்தி பரீதாவின் தோட்டத்தில் முளைத்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். தோப்பூருக்குப் போகவில்லை. வெயில் அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஒரு கடுதாசியை வைத்துத்தான் விவசாயக் கண்காட்சிக் குழு பரீதாவின் பெயரைப் பூசணிப் போட்டியில் இருந்து வெட்டியது. இன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் பூசணி நிறுக்கப்போகிறார்கள். வெல்கிற காயின் விதையைப் பெருக்கி விற்கிற உரிமைக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று அங்கேயே ஒப்பந்தம் எழுதப்போகிறது.

"பரீதா ராத்தாவையும் கண்டனான்," என்றான் அகீல். அவன் குரலில் இப்போது பகிடி இல்லை. "சந்தையில அவக்குப் பக்கத்துல இருந்த கடைக்காரிகள் சாக்கை இழுத்துத் தள்ளிப் போட்டிருக்காங்க. காலையில இருந்து ஒரு கத்தரிக்காய் கூட விக்கல்ல. என்னைக் கண்டுட்டு ஒரு கேள்விதான் கேட்டா. 'உங்கட மிஸ் என்ட தோட்டத்துக்கு எப்ப வந்தவ?' எண்டு."

"நீங்க என்ன சொன்னனீங்க?"

"ஹயர் காத்துக்கொண்டிருக்கு எண்டு ஓடி வந்துட்டன்."

சிவாஜினி வடையை அப்படியே வைத்தாள். ஆனந்தராசாவின் கொப்பி இன்னும் அவளுடைய மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. குழுவுக்குக் காட்டிவிட்டு, இறுதி அறிக்கைக்கு வேண்டும் என்று அவரே திரும்பக் கொண்டுவந்து விட்டுப்போனது. அதை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"ஓட்டோவை எடுங்க."

"வெயில் மிஸ்."

அவள் பார்த்த பார்வையில் அகீல் படியில் மூன்று மூன்றாக இறங்கினான்.

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் கடந்து தோப்பூர் போய்ச் சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் திட்ட வேண்டியிருக்கும், திட்டுவதற்கு அந்த ஓட்டோவுக்குள் தன்னைத் தவிர வேறு பொருத்தமான ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சித்தி பரீதா வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சந்தையில் விற்காத கத்தரிக்காய் கூடையோடு வரம்பில் கிடந்தது. வந்தவர்களை அவள் வாங்க என்று சொல்லவில்லை.

"களவெடுத்த இடத்தைப் பாக்க வந்தீங்களா மிஸ்? பத்து நாள் பிந்திட்டீங்க."

"ஓம். பிந்தித்தான் வந்தனான். பிழை என்னில."

"பிழையெண்டு என்ட காதுக்குச் சொல்லி என்ன? ஊருக்குக் கடுதாசியில எல்லோ சொன்னீங்க."

சிவாஜினி தோட்டத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினாள். வைக்கோலுக்கு மேல் சாம்பல் நிறப் பூசணிகள் கிடந்தன, ஒவ்வொன்றும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பேசின் அளவுக்கு. கொடியில் சில பூக்களின் வாய் சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

"என்ன ராத்தா, பூவுக்கெல்லாம் கட்டுப் போட்டிருக்கு?" என்றான் அகீல். "அடிபட்டதா?"

பரீதா அவனை முறைத்தாள். ஆனாலும் தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருக்க அவளால் ஏலவில்லை. "நாளைக்கு விடியப் பூக்கப்போற பெண்பூ. தேனீ உள்ள போகாம இண்டைக்கே கட்டினது. விடிய நான் அவிழ்த்து, எனக்குப் புடிச்ச ஆண்பூவை வச்சுத் தேய்ச்சு, திரும்பவும் கட்டுவன். கட்டாட்டி விதைக்குத் தகப்பன் ஆரெண்டு தெரியாமப் போயிரும். எட்டு வருசமா இதைத்தான் செய்யிறன்."

"எந்தக் காயில விதை எடுப்பீங்க?" சிவாஜினி கேட்டாள்.

பரீதா பிடுங்கி வைத்திருந்த இரண்டு காய்களைக் காட்டினாள். ஒன்று பெரிது, மற்றது அதைவிடச் சற்றுச் சிறிது. "நீங்க எண்டா எதுல எடுப்பீங்க?"

"பெரிசுல," என்றான் அகீல் உடனே. "கலியாண வீட்டுலயே நான் அப்பிடித்தான்."

"எல்லாரும் அப்பிடித்தான் எடுத்து ஏமாறுறது. பெரிசு எருக்குழிக்குப் பக்கத்துல கிடந்து ஊதினது. உள்ளுக்குள்ள வெறுங்காத்து. சின்னதுட சுற்றளவை நாடா வச்சு அளந்தா இவ்வளவு பாரந்தான் வரோணும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. நெல்லுத் தராசுல வச்சா இது அதைவிட எட்டுக் கிலோ கூட. அப்பிடியெண்டா சதை தடிப்பு. விதை இதுலதான் எடுக்கோணும். தாய் எங்கட தோப்பூர்ச் சாம்பல் பூசணி. தகப்பன், கடலோரத்துச் சல்லி ஊருல கருவாடு காயப்போடுற ஒரு பொம்புளட வளவுல இருந்து எடுத்த கரும்பச்சை. உப்புக் காத்துக்கும் அசையாத கொடி."

சாம்பல் தாய், கரும்பச்சைத் தகப்பன். ஆனந்தராசாவின் கொப்பியிலும் அதே சோடிதான். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்கிறார், அது மட்டும் உறுதி.

"நீங்க எழுதி வச்சிருக்கிறீங்களா?"

"எழுதிறதுக்கு எனக்கு எங்க நேரம்? ஒவ்வொரு தகப்பனுக்கும் ஒவ்வொரு நிற நூல். அதுதான் என்ட கொப்பி. அதைக் குழுவுல காட்டினன், தலைவர் குலசிங்கம் ஐயா சிரிச்சார்."

சிவாஜினி பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பையில் இருந்து கொப்பியை எடுத்தாள். "இதைக் கேளுங்க. முதல் வருசம் எண்டு எழுதியிருக்கு. 'சாம்பல் பூசணியின் பெண்பூவில் சல்லிப் பூவின் தூளை வைத்தேன். அந்தக் காய் முற்றியபோது பாதி சாம்பலும் பாதி கரும்பச்சையுமாக இருந்தது. கலப்புப் பலித்ததைக் கண்ணாலேயே கண்டேன்.' உங்களுக்கும் அப்பிடித்தான் வந்ததா?"

பரீதா மண்வெட்டியை நிலத்தில் குத்தினாள்.

"வயித்துல இருக்கிற புள்ள வாப்பாட நிறமெண்டா, உம்மாட வயிறும் அந்த நிறத்துக்கு மாறுமா மிஸ்? காய் எண்டது தாய்ட வயிறு. புள்ள விதைக்குள்ள இருக்கு. எந்தப் பூவை வச்சாலும் அந்தக் காய் தாய் மாதிரித்தான் இருக்கும். விதையைப் போட்டு, அது முளைச்சுக் காய்ச்சால்தான் வாப்பாட நிறம் வெளியில வரும். ஒரு போகம் காத்திருக்கோணும். ஒருக்காலாவது பூவைக் கையால தொட்டவன் இப்பிடி எழுதமாட்டான்."

சிவாஜினி கொப்பியை மூடினாள். நாலு வருடம் என்று சொன்ன இந்தக் கொப்பி ஒரே இருப்பில், கதிரையில் குந்தி எழுதியது. அவளுடைய அறிக்கையும் அப்படித்தான். இந்த நினைப்பு அவளுக்குச் சுள்ளென்று உறைத்தது.

"உங்கட விதை அவரிட்ட எப்பிடிப் போனது?"

"நானேதான் குடுத்தன். மாரி மழைக்கு வீட்டுல வச்சா விதை பூஞ்சணம் புடிக்கும். இந்தப் பக்கத்து ஆக்கள் எல்லாரும் முதலாளிட கடை பிரிட்ஜுலதான் குடுத்து வைக்கிறது. இருபது விதை குடுத்தன். மாசம் மூணு கழிச்சுப் போனா பதிமூணு தந்தார். மிச்சம் எலி தின்டுட்டுது எண்டார்."

"பிரிட்ஜுக்குள்ளயா?" என்றான் அகீல். "கம்பளிச் சட்டை போட்ட எலியா இருக்கும்."

"ஏன் கேக்கல்ல நீங்க?" என்றாள் சிவாஜினி.

"அடுத்த மாரிக்கும் விதையை அங்கதானே வைக்கோணும்? வாயை மூடிக்கொண்டு வந்தன். அதுக்குக் கிடைச்ச பேர்தான் கள்ளி." பரீதா மண்வெட்டியைப் பிடுங்கி வரம்பில் போட்டாள். அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள், வியர்வையைத் துடைப்பதுபோல.

இருபதில் பதின்மூன்று போக ஏழு. களவு போனதாக ஆனந்தராசா சொன்னதும் ஏழு. எண்ணிக்கையைக்கூட மாற்றிச் சொல்ல அந்த மனுசன் மினக்கெடவில்லை. எடுத்தவனே பறிகொடுத்தவனாக வந்து கதிரையில் இருந்து மூக்கைச் சிந்தியிருக்கிறான், அவள் தண்ணீர் வேறு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"ஓட்டோவில ஏறுங்க," என்றாள் சிவாஜினி. "நான் கேக்கிறது நியாயம் இல்லத்தான். எண்டாலும் ஏறுங்க."

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய காய் உருளாமல் இருக்கிற அகலத் தட்டுத் தராசு பட்டினத்தில் வேறு கிடைக்காததால், சூரை மீன் நிறுக்கிற தராசைக் கழுவிப் பூசணிக்கு விட்டிருந்தார்கள். கழுவியும் மணம் போகவில்லை. மேலே ஆனந்தராசாவின் பூசணி குங்குமப் பொட்டோடு குந்தியிருந்தது. அறுபத்தொரு கிலோ.

குழுத் தலைவர் குலசிங்கம், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கம்பனிப் பிரதிநிதி இராகுலன் கழுத்துப்பட்டியோடு வியர்த்து வழிந்தபடி ஒப்பந்தத்தை மேசையில் விரித்திருந்தான். ஆனந்தராசா சிவாஜினியைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அவளுக்குப் பின்னால் பரீதாவைக் கண்டதும் மலர்ந்தது சுருங்கியது.

"இவவை ஏன் இங்க கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"அறிக்கையை முடிக்கோணும் எல்லோ," என்றாள் சிவாஜினி. குரலைத் தேன் மாதிரி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "ஒரே ஒரு பக்கம். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நீங்களே வாசிச்சிட்டீங்கள் எண்டால் என்ர வேலை முடிஞ்சுது."

ஆனந்தராசாவுக்கு ஒலிபெருக்கி என்றால் ஆசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பாதி சாம்பல், பாதி கரும்பச்சை.

"அதே காயிலேயே தெரிஞ்சதோ? அடுத்த போகத்தில இல்லையோ?"

"அதே காய்தான் பாருங்கோ. என்ர கண்ணாலேயே கண்டனான். பிடுங்கிக் குசினியில வச்சு வீட்டுக்காரிக்கும் காட்டினனான்."

சிவாஜினி குலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கள் முப்பது வருசம் விவசாயம் படிப்பிச்சனீங்கள். அப்பிடி நடக்குமோ?"

குலசிங்கத்தின் காது சிவந்தது. அவர் கொப்பியை வாங்கி, அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தார். "நடக்காது," என்றார் மெதுவாக. "காயில தகப்பன்ர நிறம் வராது. அடுத்த தலைமுறையிலதான் வரும்."

"அப்ப இந்தக் கொப்பியைச் சரியெண்டு ஏற்று, இந்த மனுசியின்ர பேரை எப்பிடி வெட்டினனீங்கள்?"

"நான்... முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பாத்தனான். நீங்கள் அறிக்கை தந்திருந்தனீங்கள் எல்லோ."

அது அவள் முகத்தில் விழுந்த அடி. அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி இருபது விதையின் கதையைச் சொன்னாள், குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த எலி உட்பட. கூட்டத்தில் தோப்பூர்க்காரர் இரண்டு பேர், தங்களுக்கும் விதை குறைந்துதான் வந்தது என்றார்கள்.

ஆனந்தராசா லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நிமிடம் தடுமாறி, மறு நிமிடம் இராகுலனின் தோளில் கை போட்டார். "கொப்பியில ஏதோ எழுத்துப் பிழை இருக்கட்டும் தம்பி. காய் என்ர. என்ர நிலத்தில, என்ர தண்ணியில விளைஞ்சது. அதுக்குள்ள முந்நூறு விதை கிடக்கு. உங்கட கம்பனிக்குக் கதையோ வேணும், விதையோ வேணும்?"

இராகுலன் பூசணியைப் பார்த்தான். பேனையைப் பார்த்தான். கொழும்பில் இருந்து வெறுங்கையோடு திரும்பினால் என்ன கேள்வி வரும் என்று அவன் கணக்குப் பார்ப்பது நெற்றியிலேயே தெரிந்தது. அவன் கை பேனைப் பக்கம் போனது.

சிவாஜினி மேசையை நோக்கி ஓரடி வைத்தாள். பொய்யென்று சந்தி சிரித்த பிறகும் பொய்யன் வென்றுவிடுவான் போல இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் இருந்து பரீதாவின் குரல் வந்தது.

"முதலாளி, பூவைக் கட்டினீங்களா?"

"என்ன பூ?"

"இந்தக் காய் காய்ச்ச பூ. மலர முதல் நூலால கட்டினீங்களா?"

"அதை ஏன் கட்டோணும்?" ஆனந்தராசா சீறினார். "வேற பூவின்ர தூள் பட்டிருந்தால் காயின்ர நிறம் மாறியிருக்கும். நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான். அசல் சாம்பல். ஒரு பொட்டுக் கலப்பு இல்லை."

குலசிங்கம் கையால் கண்ணை மூடிக்கொண்டார். அகீல்தான் முதலில் சிரித்தான், பிறகு கூட்டம் சிரித்தது. ஆனந்தராசாவுக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

பரீதா சிரிக்கவில்லை. இராகுலனிடம் போனாள். "தம்பி, காயில நிறம் மாறாது எண்டு ஐயாவே இப்ப சொன்னார். பாலையூற்றுல வீட்டுக்கு வீடு மதில்ல பூசணி ஏத்தியிருக்காங்க. இந்த முந்நூறு விதைக்கும் தகப்பன் ஆரெண்டு தேனீயிட்டத்தான் கேக்கோணும். இதைப் போட்டா உங்களுக்கு ஒண்டு தேங்காய் அளவுல காய்க்கும், ஒண்டு குடம் அளவுல காய்க்கும். வாங்கிற கமக்காரன் உங்கட கம்பனியத்தான் ஏசுவான். தகப்பன் தெரிஞ்ச விதை என்ட தோட்டத்துலதான் இருக்கு."

களவெடுத்தவர் ஏழு விதையை எடுத்தார், பூவைக் கட்டுகிற நூலை எடுக்க மறந்துவிட்டார். பொய்யைக் கொப்பியில் எழுதியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, அதைத் தானே நம்பியும் விட்டார். இராகுலன் பேனையைச் சட்டைப் பைக்குள் போட்டான். பொலிசுக்கு அறிவிக்கிற பொறுப்பைக் குலசிங்கம் எடுத்துக்கொண்டார். ஆனந்தராசா ஆட்களைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அவருடைய காயைத் தராசில் இருந்து இறக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை.

இராகுலன் ஒப்பந்தத்தைப் பரீதாவின் பக்கம் திருப்பினான்.

"அது நாளைக்கு. இண்டைக்குச் சந்தையில ஒரு வேலை கிடக்கு," என்றாள் பரீதா.

சிவாஜினி அதற்குள் மேசையில் இருந்த வெள்ளைத் தாளை இழுத்து எழுதிவிட்டாள். முதல் அறிக்கை பிழை, விசாரிக்காமல் எழுதியது, சித்தி பரீதா எதையும் களவெடுக்கவில்லை என்று நாலு வரி. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

பரீதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்பான பிடி இல்லை.

"இங்க வாசிச்சு எனக்கென்ன மிஸ்? என்னைக் கள்ளியெண்டு சொன்னது இந்தத் துறைமுகத்துல இல்லையே. சூரை மீனுக்கா சொல்லப்போறீங்க?"

ஐந்து மணிக்குத் தோப்பூர்ச் சந்தையில் பின்னேர வியாபாரம் சூடாக இருந்தது. வழி முழுக்க அகீல் ஒரு பகிடியும் விடவில்லை, ஓட்டோவைச் சந்தை வாசலில் நிறுத்தி, "நானும் வரவா மிஸ்?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றாள். பரீதா தன்னுடைய பழைய இடத்தில் சாக்கை விரித்து, கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு, அவளைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கடைக்காரி அவளுக்கு எட்டாத தூரத்தில் வெண்டிக்காய் பரப்பியிருந்தாள். நஸ்ரியா என்று வழியில் பரீதா பெயர் சொல்லியிருந்தாள். பதினெட்டு வருடம் ஒன்றாக இருந்து விற்றவர்களாம்.

சிவாஜினி நஸ்ரியாவுக்கு முன்னால் போய் நின்றாள். எழுதிவந்த நாலு வரித் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"பரீதா கள்ளி இல்ல. அந்தக் கடுதாசியில இருந்தது பொய்."

நஸ்ரியா வெண்டிக்காயில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஆர்?"

"அதை எழுதின ஆள். சிவாஜினி."

"அப்ப கள்ளன் ஆர்?"

"அவட விதையக் களவெடுத்தது விதைக்கடை ஆனந்தராசா. அவட பேரைக் களவெடுத்தது நான்."

நஸ்ரியாவின் கை நின்றது. அவள் பரீதாவைப் பார்த்தாள். பரீதா கத்தரிக்காயை அடுக்குவதிலேயே இருந்தாள். பிறகு நஸ்ரியா எழும்பி, வெண்டிக்காய்ச் சாக்கின் இரண்டு முனையையும் பிடித்து, பரீதாவின் சாக்கோடு முட்டும்வரை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தபின் சிவாஜினியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மிஸ். அந்தக் கரையில இருக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."